மூன்று பொருள்களின் பாதையைக் கணிக்க முடியாது என்றால், கிரகணம் மட்டும் எப்படி நிமிடக் கணக்கில் வருகிறது?

#1 மலர்விழி டீச்சர்

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். கெப்ளர் விதிகளை முடித்த கையோடு, "இரண்டு பொருள் என்றால் நீள்வட்டம், மூன்று பொருள் என்றால் பொதுச் சூத்திரம் கிடையாது, கணிப்பது கடினம்" என்று ஒரு வரி சொன்னேன். உடனே ஒரு மாணவி கேட்டாள்: "சூரியன், பூமி, நிலா, மூணு ஆச்சே மிஸ். அப்ப கிரகணம் எத்தனை மணிக்குன்னு போன வருஷமே பஞ்சாங்கத்துல எப்படிப் போடறாங்க?"

நாளை மறுநாள் அதே வகுப்பு. "கடினம்" என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். "கேயாஸ்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. உதவுங்கள்.

#2 தென்பொதிகை

டீச்சர், முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண், எப்படி நகர்கிறது என்று சொல்ல மூன்று எண். ஆக, மூன்று பொருளுக்கு 18 எண்கள் தெரிய வேண்டும். மாறாமல் இருக்கும் அளவுகள் சில நம்மிடம் உண்டு. பொருண்மை மையம் நேர்கோட்டில் சீராகப் போகும் என்பதிலிருந்து 6, கோண உந்தத்திலிருந்து 3, மொத்த ஆற்றலிலிருந்து 1. கூட்டினால் 10.

இரண்டு பொருள் என்றால் தெரிய வேண்டியவை 12 தான். அதே பத்தும் அங்கேயும் கிடைப்பதால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மூன்றாவது பொருள் வந்ததும் 18, ஆனால் பிடிமானம் அதே 10. வேறு புதிய மாறிலி எங்காவது ஒளிந்திருக்குமோ என்று நூறாண்டுக்கு மேல் தேடினார்கள். இயற்கணித வடிவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று 1887இல் ஜெர்மானியர் ப்ரூன்ஸ் நிறுவினார்.

விசைப் பக்கமிருந்தும் பார்க்கலாம். இரண்டே பொருள் இருக்கும்போது இழுப்பு எப்போதும் ஒரே பக்கம், அந்த மற்றொன்றை நோக்கி. மூன்றாவதும் வந்துவிட்டால், அ-வை இழுக்கும் விசை ஆ, இ இரண்டின் இடத்தையும் பொறுத்தது. அந்த இடங்களோ அ-வின் இழுப்பால் அந்தக் கணமே மாறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைத் தனியாக எடுத்துத் தீர்க்க வழியே இல்லை.

#3 கோவை ரசிகன்

இழையைப் பின்தொடர ஒரு புள்ளி.

#4 நிரல்மொழி

தென்பொதிகை ஐயா சொன்ன எண்ணிக்கை சரி. ஆனால் "சூத்திரம் இல்லை, அதனால் கடினம்" என்ற காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. டீச்சர் இதை வகுப்பில் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை யாராவது மடக்கிவிடும்.

ஒன்று: இரண்டு பொருளுக்கும் முழுச் சூத்திரம் கிடையாது. பாதை நீள்வட்டம், சரி. ஆனால் "இன்று மாலை 6 மணிக்கு அந்த நீள்வட்டத்தில் எந்த இடத்தில்?" என்று கேட்டால் கெப்ளர் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். அதை நேராகத் தீர்க்க முடியாது. தோராயமாக ஒரு விடை போட்டுத் திருத்தித் திருத்தித்தான் நெருங்குகிறோம். அதற்காக யாரும் பூமியின் பாதை கணிக்க முடியாதது என்று சொல்வதில்லையே.

இரண்டு: மூன்று பொருளுக்குச் சூத்திரம் இருக்கிறது! பின்லாந்துக்காரர் கார்ல் சுண்ட்மன் 1912இல் ஒரு முடிவிலாத் தொடரைக் கொடுத்தார். மூன்றும் ஒரே புள்ளியில் மோதும் சிறப்பு நிலையைத் தவிர எல்லாவற்றுக்கும் அது ஒருங்கும், அதாவது உறுப்புகளைக் கூட்டக் கூட்ட விடையை நெருங்கும். ஆனால் வானியலுக்கு வேண்டிய துல்லியத்தில் விடை வர எத்தனை உறுப்புகளைக் கூட்ட வேண்டும் என்று 1930இல் பெலோரிஸ்கி மதிப்பிட்டார்: 1 போட்டுப் பின்னால் 80 லட்சம் சுழியம். அது எத்தனை உறுப்பு என்றல்ல, அந்த எண்ணை எழுதவே ஒரு புத்தக அலமாரி வேண்டும்.

ஆக, சூத்திரம் இருப்பதும் இல்லாததும் வேறு கதை. உண்மையான தடை, தொடக்கத்தில் உள்ள சின்னப் பிழை வளரும் வேகம். 1989இல் பிரெஞ்சு வானியலாளர் ழாக் லாஸ்கர் உட்கோள்களுக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். பூமியின் இன்றைய இடத்தில் 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டு கழித்து அது 150 மீட்டர். பத்துக் கோடி ஆண்டு கழித்து 15 கோடி கிலோமீட்டர். அதாவது பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே தெரியாது.

இங்கே கவனிக்க வேண்டியது பெருக்கல். ஒவ்வொரு கோடி ஆண்டுக்கும் பிழை பத்து மடங்கு. பத்துக் கோடிக்குப் பதில் இருபது கோடி ஆண்டு கணிக்க ஆசைப்பட்டால், தொடக்க அளவீட்டை இரண்டு மடங்கு திருத்தினால் போதாது, ஆயிரம் கோடி மடங்கு திருத்த வேண்டும். 15 மீட்டரை ஆயிரம் கோடியால் வகுத்தால் 1.5 நானோமீட்டர். பூமியின் இடத்தை ஒரு சில அணுக்களின் அகலத்துக்குத் துல்லியமாக யார் அளப்பார்?

#5 தென்பொதிகை

நிரல்மொழி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். சூத்திரத் தேடலையும் பிழை வளர்ச்சியையும் ஒரே மனிதர் தொட்ட இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஸ்வீடன் அரசர் இரண்டாம் ஆஸ்கரின் அறுபதாவது பிறந்தநாளை ஒட்டி 1889இல் ஒரு கணிதப் பரிசு. பல பொருள்களின் இயக்கம் அதில் ஒரு கேள்வி. பிரெஞ்சுக் கணிதர் ஆன்றி புவான்கரே மூன்று பொருள் நிலையை எடுத்து எழுதிப் பரிசு வென்றார். கட்டுரை அச்சேறும்போது, ஃப்ராக்மேன் என்ற இளம் பதிப்பாசிரியர் சில இடங்கள் விளங்கவில்லை என்று கேட்டார். பதில் எழுத உட்கார்ந்த புவான்கரே, நிரூபணத்தில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டார். அச்சிட்ட பிரதிகளைத் திரும்ப வாங்கினார்கள். மறு அச்சுச் செலவை அவரே கட்டினார்: 3,500 குரோனருக்கு மேல். பரிசுத்தொகையோ 2,500 தான்.

ஆனால் 1890இல் வந்த திருத்திய கட்டுரைதான் இந்தத் துறையையே மாற்றியது. ஒழுங்காக வந்து சேரும் என்று அவர் முதலில் நம்பிய பாதைகள் ஒன்றையொன்று எண்ணற்ற முறை வெட்டிப் பின்னிக் கிடக்கின்றன என்று அதில் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் தொடங்கும் இரண்டு பாதைகள் ஏன் பிரிந்து போகின்றன என்பதற்கு முதல் விளக்கம் அங்கேதான். என்னைக் கேட்டால், அறிவியல் வரலாற்றில் அவ்வளவு பயன் தந்த பிழை வேறில்லை.

#6 வாக்கியம்248

டீச்சர் கேட்டது கிரகணம். அதற்கு இன்னும் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். எங்கள் தாத்தா வாக்கிய முறையில் பஞ்சாங்கம் கணித்தவர். அவரிடமிருந்து பாதியும், பிறகு படித்துப் பாதியும் தெரிந்துகொண்டது இது.

வாக்கிய முறையில் நிலவுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குரிய நிலவின் இடம், எழுத்துக்கு ஓர் எண் தரும் கடபயாதி எழுத்துக்கணக்கில் சொல்லாகக் கோத்தது. முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:". எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் படித்தால் 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). மந்தோச்சத்தில், அதாவது பூமிக்கு மிகத் தொலைவில், நிலா மெதுவாக நகரும் முதல் நாளின் நகர்வு அது. சராசரி 13 பாகைக்கு மேல் என்பதைப் பார்த்தால் ஏன் குறைவு என்பது விளங்கும்.

248 எதற்கு? நிலா ஒரு மந்தோச்சத்திலிருந்து அடுத்ததற்கு வர ஏறத்தாழ 27.5546 நாள். அதை ஒன்பதால் பெருக்கினால் 247.99. கிட்டத்தட்ட முழு எண். 248 நாளில் நிலா தன் வேகமான, மெதுவான நாள்களை ஒன்பது சுற்று முடித்துப் பழைய நிலைக்கு வந்துவிடும். அட்டவணையை மறுபடி முதலிலிருந்து படிக்கலாம்.

இப்போது கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். "பவேத் ஸுகம்". 27 பாகை 44 கலை. ஒன்பது சுற்று முடிந்து மந்தோச்சத்துக்கு நிலா வந்துவிட்டது, ஆனால் வானில் தொடங்கிய இடத்துக்கு வரவில்லை. 27 பாகை 44 கலை தள்ளி நிற்கிறது. ஏனென்றால் மந்தோச்சமே அவ்வளவு நகர்ந்துவிட்டது. ஒன்பதால் வகுத்தால் சுற்றுக்கு மூன்று பாகைக்குச் சற்று மேல்.

அந்த மூன்று பாகைதான் மூன்று பொருள் சிக்கல். பூமியும் நிலாவும் மட்டும் இருந்தால் (பூமி சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டால்) நீள்வட்டம் அசையாமல் நின்றிருக்கும். அதைத் திருப்புவது சூரியன்.

#7 குமரி அலை

அப்படியென்றால் நியூட்டனுக்கு முன்பே நம் முன்னோர் மூன்று பொருள் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

#8 வாக்கியம்248

சொல்லக்கூடாது. நகர்வு எவ்வளவு என்று அறிவது ஒன்று, ஏன் அவ்வளவு என்று விசையிலிருந்து வருவிப்பது இன்னொன்று. முன்னது நீண்ட காலக் கூர்ந்த பார்வையின் பலன். அது சிறிய சாதனை இல்லை, ஆனால் பின்னது அல்ல.

பின்னது எவ்வளவு கடினம் என்பதற்கு நியூட்டனே சாட்சி. 1687இல் வெளிவந்த அவர் நூலில், சூரியனின் இழுப்பை எளிமைப்படுத்திப் போட்ட கணக்கில் சுற்றுக்கு ஒன்றரைப் பாகைதான் வருகிறது. உண்மையில் பாதி. நிலவின் உச்சம் இதைப்போல் இருமடங்கு வேகமாக நகர்கிறது என்று பிற்பதிப்பில் அவரே குறிப்பிடுகிறார். அறுபது ஆண்டு கழித்து, 1747இல், பாரிஸில் கணிதர் கிளெரோவுக்கும் அதே பாதி. ஆய்லருக்கும் அதே இக்கட்டு. தலைகீழ் இருபடி விதியோடு இன்னொரு உறுப்பைச் சேர்க்க வேண்டும் என்று கிளெரோ பாரிஸ் அகாடமியில் அறிவிக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஈர்ப்பு விதியே ஆட்டம் கண்ட நேரம். 1749 மே மாதம் அவரே அதைத் திரும்பப் பெற்றார். முதல் தோராயத்தில் சிறியது என்று விட்ட உறுப்புகளை அடுத்த தோராயத்தில் சேர்த்ததும் மீதிப் பாதி அப்படியே வந்து சேர்ந்தது.

இது பிழை வளரும் கதை அல்ல என்பதைக் கவனியுங்கள். சூரியன் நிலவின் பாதையை மாற்றுகிறது. மாறிய பாதையில் சூரியனின் இழுப்பும் மாறுகிறது. அந்த மாற்றம் மறுபடி பாதையை மாற்றுகிறது. இந்தச் சங்கிலியை எங்கே வெட்டினால் போதும் என்று முன்கூட்டியே தெரியாது. மூன்று பொருள் கணக்கின் முதல் கடினம் அதுதான்.

#9 திருக்கணிதன்

வாக்கியம் ஐயா பெருமையாகச் சொல்லும் அதே வாக்கியத்தில் பல மணி நேரப் பிசகு இருப்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? அஷ்டமி, நவமிப் பக்கம் திதி முடியும் நேரம் வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கத்திலும் ஒத்தே போவதில்லை.

#10 வாக்கியம்248

உண்மை. அதற்கும் காரணம் சூரியன்தான். நிலவின் நீள்வட்டம் திரும்புவது மட்டுமில்லை, அதன் நீட்சியும் கூடிக் குறைகிறது. சராசரி இடத்திலிருந்து நிலா முன்பின் விலகும் அளவு நீள்வட்டத்தால் 6 பாகை 17 கலை வரை. சூரியன் அதில் 1 பாகை 16 கலையைச் சேர்க்கவோ கழிக்கவோ செய்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் கழிக்கும், அப்போது மீதம் 5 பாகை 1 கலை. அஷ்டமியில் சேர்க்கும், அப்போது ஏழரைப் பாகை.

நம் பழைய அட்டவணைகளில் இருப்பது ஏறத்தாழ அந்த 5 பாகை. கிரகணம் வருவது அமாவாசை, பௌர்ணமியில் மட்டும். அதனால் கிரகணத்தில் நன்றாக நிற்கும் அட்டவணை, அஷ்டமியில் இரண்டரைப் பாகை வரை தவறும். நிலா அவ்வளவு நகரச் சில மணி நேரம் ஆகும். கிரகணங்களை வைத்துச் செப்பனிட்ட முறை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம் என்பது என் கருத்து.

எவ்வளவு நன்றாக நிற்கும் என்பதற்குப் பதிவும் இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை வைத்தே 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை ஜான் வாரன் என்பவருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் வித்தியாசம். காகிதமே இல்லாமல்!

#11 திருக்கணிதன்

சோழிக் கணக்கு இன்றுதான் தெரிந்தது, நன்றி. கிரகணத்துக்கு வேண்டியது நிலவின் இடம் என்பதால் நானும் ஒன்று சேர்க்கிறேன். திருக்கணிதத்தில் இன்று நாங்கள் எடுப்பது நாசாவின் ஜேபிஎல் ஆய்வக அட்டவணைகளின் வழி வருவது. அங்கே சூத்திரமே இல்லை. எல்லாக் கோள்களின் இழுப்பையும் சேர்த்துக் கணினி அடி அடியாக முன்னே நகர்த்துகிறது. நிலவில் வைத்த பிரதிபலிப்பான்களில் லேசர் அடித்துச் சென்டிமீட்டர் கணக்கில் தொலைவை அளந்து அதைச் சரிபார்க்கிறார்கள். டிஇ441 என்ற அட்டவணை பொது ஆண்டு 17191 வரை போகிறது. மிகத் தொலைவான கிரகணங்களின் நேரத்தில் ஐயம் வந்தால், அதில் பெரும்பகுதி நிலவின் பாதையால் அல்ல. பூமியின் சுழற்சி எவ்வளவு மெதுவாகும், அப்போது எந்த ஊர் கிரகணத்துக்கு நேராக இருக்கும் என்பதால்தான்.

#12 மலர்விழி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இப்போது ஒரு முடிச்சு பாக்கி. நிலவும் மூன்று பொருள்தான், ஆனால் சங்கிலியை நீட்டினால் விடை வந்துவிடுகிறது. பிழை தாறுமாறாக வளர்வது எப்போது? இதை மாணவிகள் கண்ணால் பார்க்க வழி உண்டா? பள்ளியில் கணினி ஆய்வகம் இருக்கிறது.

#13 நிரல்மொழி

வழி உண்டு டீச்சர், பைத்தானில் ஐம்பது வரி போதும். 1913இல் பர்ராவ் என்பவர் எடுத்துக்கொண்ட கணக்கு. பக்கங்கள் 3, 4, 5 உள்ள செங்கோண முக்கோணம். ஒவ்வொரு முனையிலும் எதிர்ப்பக்க நீளமே நிறை. நிறை 3 பொருள் (1, 3) புள்ளியில், நிறை 4 பொருள் (−2, −1) புள்ளியில், நிறை 5 பொருள் (1, −1) புள்ளியில். ஈர்ப்பு மாறிலி 1 என்று வையுங்கள். மூன்றும் அசையாமல் நிற்கின்றன. விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

முதலில் தொடக்க ஆற்றலைத் தாளில் போடச் சொல்லுங்கள். 12/5, 15/4, 20/3 மூன்றையும் கூட்டி எதிர்க்குறி: −12.8167. இது கடைசிவரை மாறக்கூடாது. நிரல் ஒவ்வொரு அடியிலும் இந்த எண்ணைத் திரையில் காட்டட்டும்.

நேர இடைவெளி 0.001 என்று வைத்து ஓட்டினால் முதலில் அழகாகப் போகும். நேரம் 16ஐ நெருங்கும்போது இரண்டு பொருள்கள் 0.0004 இடைவெளிக்கு வருகின்றன. அங்கே அவற்றின் சார்பு வேகம் ஏறத்தாழ 200. 0.001 நேரத்தில் 0.2 தூரம் போய்விடும், அதாவது நடுவில் இருக்கும் இடைவெளியைப்போல் 500 மடங்கை ஒரே தாவலில் கடந்துவிடும். சேர்ந்து சுழன்று திரும்ப வேண்டியதை நிரல் பார்க்கவே பார்க்காது. ஆற்றல் எண் எகிறும், ஏதோ ஒன்று எங்கோ பறக்கும். 0.0001 என்று மாற்றினால் பறப்பது வேறு திசையில் இருக்கும். அதற்கும் அந்த இடைவெளி போதாது.

நெருங்கும்போது தானே அடியைச் சுருக்கிக்கொள்ளும் முறையில் ஓட்டினால்தான் ஆற்றல் நிலைக்கும். 1967இல் செபெஹெலியும் பீட்டர்ஸும் கணினியில் இதைச் சரியாக முடித்தார்கள். நேரம் 60 வாக்கில் நிறை 4ம் 5ம் இணைந்து இரட்டையாகிவிடும், நிறை 3 நிரந்தரமாக வெளியே வீசப்படும். பிறகு நிறை 3இன் தொடக்க இடத்தை ஆறாவது தசமத்தில் தொட்டு மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், ஒவ்வொரு நெருக்கத்துக்குப் பிறகும் கோடுகள் கூடுதலாக விலகுவது தெரியும்.

நிலவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த நெருக்கம்தான்.

#14 தென்பொதிகை

தம்பி சொன்ன வித்தியாசத்துக்கு எண் தருகிறேன். நிலவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இருமடங்குக்கு மேல் இழுக்கிறது! கேட்டால் நம்ப மாட்டார்கள். ஆனால் சூரியன் பூமியையும் கிட்டத்தட்ட அதே அளவு முடுக்குகிறது, இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. பூமி–நிலா உறவைக் கலைப்பது அந்த இரண்டு முடுக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். அது பூமியின் இழுப்பில் அதிகபட்சம் 90இல் ஒரு பங்கு. ஒரு சிறிய எண் கையில் இருப்பதால், அதை அடுக்கடுக்காகப் பெருக்கிக்கொண்டே போனால் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே வரும். 3-4-5 கணக்கில் அப்படிச் சிறிய எண் ஏதுமில்லை. மூன்றும் சம பலசாலிகள்.

நெருக்கம் என்றதும் அபோபிஸ் குறுங்கோள் நினைவுக்கு வருகிறது. 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கப்போகிறது. அந்த ஒரு கடப்பில் எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தே அதன் பிந்தைய பாதை அமையும். 2036இல் மோதும் பாதைக்குத் திருப்பக்கூடிய சன்னல் சுமார் 600 மீட்டர் அகலமே இருந்தது. அளவீடுகள் கூடியதும் அந்தச் சன்னல் வழியே போகாது என்று தெளிவானது. அடுத்த நூறாண்டுக்கு ஆபத்தில்லை என்று 2021இல் அறிவித்தார்கள்.

#15 குமரி அலை

ஆதித்யா-எல்1 நிற்கும் புள்ளியும் மூன்று பொருள் கணக்கில் வருவதுதானே? அது மட்டும் எப்படி அசையாமல் நிற்கிறது?

#16 தென்பொதிகை

அசையாமல் நிற்கவில்லை தம்பி. சூரியன், பூமி, விண்கலம் மூன்றும் சேர்ந்த கணக்கில் ஐந்து சமநிலைப் புள்ளிகள் உண்டு. ஒரே கோட்டில் வரும் மூன்றும் ஆய்லருடையவை, முக்கோண முனைகளில் வரும் இரண்டும் 1772இல் லக்ராஞ்சு கண்டவை. முக்கோணப் புள்ளிகள் உறுதியானவை. வியாழனின் அந்த முனை ஒன்றில் குறுங்கோளே இருப்பதை 1906இல் மாக்ஸ் வோல்ஃப் கண்டார். ஒரே கோட்டில் வரும் மூன்றில் ஒன்றான எல்1 உறுதியற்றது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் உள்ள அங்கே ஒரு சிறு விலகல் சுமார் 23 நாளில் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

லாஸ்கரின் கோடி ஆண்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இப்படிப் பெருகும் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் அது பெருகும் காலம் ஒன்று உண்டு. அது ஓரிடத்தில் நாள், ஓரிடத்தில் கோடி ஆண்டு. கணிக்க முடியுமா என்ற கேள்விக்கு, அந்தக் காலத்தைப்போல் எத்தனை மடங்கு முன்னே பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதுதான் பதில். டீச்சரின் மாணவிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆதித்யா 2024 ஜனவரி 6 அன்று அந்தப் புள்ளியைச் சுற்றும் ஒளிவட்டப் பாதையில் சேர்ந்தது. முதல் சுற்று 178 நாள். அதற்குள் மூன்று முறை உந்திகளை இயக்கிப் பாதையைத் திருத்தினார்கள், மூன்றாவது 2024 ஜூலை 2 அன்று. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எங்கள் பக்கத்துச் செங்கோட்டைக்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

#17 மலர்விழி டீச்சர்

மிக்க நன்றி ஐயா, தம்பி, எல்லாருக்கும். திட்டம் இப்படி: முதல் பாடவேளையில் 248 நாள், 27 பாகை 44 கலை, நியூட்டனின் பாதி விடை. இரண்டாவதில் ஆய்வகம், 3-4-5. ஆற்றல் எண்ணைத் திரையில் வைப்பது மிக நல்ல யோசனை. நிரல்மொழி தம்பி, அடியைச் சுருக்கும் பகுதியைத் தமிழ்க் குறிப்புகளோடு இங்கே போட முடியுமா? எங்கள் கணினிகள் பழையவை, நேரம் 60 வரை ஓட எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.

#18 நிரல்மொழி

இன்று இரவே போடுகிறேன் டீச்சர். பழைய கணினியிலும் காத்திருக்க வேண்டிய அளவுக்கு நேரம் எடுக்காது. பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் தயாராக இருக்கும் தீர்வியையே அழைக்கலாம், ஆனால் பிழை வரம்பை அதன் இயல்பு மதிப்பில் விடாதீர்கள், 10 இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்று இறுக்குங்கள். முதலில் இயல்பு மதிப்பிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டி, −12.8167 எங்கே நழுவத் தொடங்குகிறது என்று மாணவிகளையே கண்டுபிடிக்கச் சொல்வது இன்னும் நல்லது.